சிலுவையை எங்கே மாட்டுவது?

"கிறிஸ்தவன் என்றால் பார்த்தவுடனே தெரிய வேண்டும்." இதைப் பிரசங்கங்களில் எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற சாமியார்களும் சொல்கிறார்கள், யூடியூபில் கையை வீசிப் பேசுகிற சகோதரர்களும் சொல்கிறார்கள். வண்டியில் சிலுவை ஒட்டு, வாசலில் மாதா படம் வை, பிள்ளைக்குப் புனிதர் பெயர் வை, அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் இயேசு படம் இருக்கட்டும், அதற்கு வெட்கப்படாதே. வெட்கப்படுகிறவனைக் கோழை என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

நான் பிறவிக் கத்தோலிக்கன். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான வேடசந்தூரில் குடியிருக்கிறேன். என் வீட்டு வாசலில் மரச்சிலுவை ஒன்று தொங்குகிறது. அதை மாட்ட எனக்கு ஒரு துளி தைரியமும் தேவைப்படவில்லை. ஒரு ஆணியும் சுத்தியலும் போதுமாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதை முப்பது வருடம் பைல் தள்ளியவன் என்ற முறையில் நான் அறிவேன். அந்தச் சாமியார்களும் அறிவார்கள். அறிந்தும் அப்படிப் பேசுவதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் டாக்டர். பட்டியல் சாதியில் இந்துவாகப் பிறந்தவர், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்த்தார். அவருடைய சாதிச் சான்றிதழை விசாரிக்கப் போன அதிகாரிகள் அவரது கிளினிக்கைப் பார்வையிட்டார்கள். சுவரில் சிலுவை தொங்கியது. போதாதா? 2013இல் சான்றிதழ் ரத்து. அந்த அம்மாள் வழக்கு நடத்தி, 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி துரைசாமி அமர்வு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. அதிகாரிகளின் குறுகிய புத்தியை அரசியல் சாசனம் ஊக்குவிக்கவில்லை என்ற பொருளில் நீதிபதிகள் கண்டித்தார்கள். பத்திரிகையில் படித்துவிட்டு நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கணவரோடும் பிள்ளைகளோடும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போயிருக்கலாம், அதனால் அவர் தன் பழைய நம்பிக்கையை விட்டுவிட்டதாக ஆகாது என்பதுதான் அவர் பிழைத்த காரணம். அதாவது அந்தச் சிலுவைக்குப் பெரிதாக அர்த்தம் ஒன்றும் இல்லை என்றதால்தான் அவர் தப்பினார். உண்மையிலேயே அவர் அந்தச் சிலுவையை நம்பி மாட்டியிருந்தால்? சட்டப்படி அவர் கதி வேறு. விசுவாசம் இல்லாத சிலுவைக்கு மன்னிப்பு, விசுவாசம் உள்ள சிலுவைக்குத் தண்டனை. நம் பிரசங்கிமார் இதை எந்த மறைக்கல்வி வகுப்பில் விளக்குவார்கள்?

இன்னொரு வழக்கு என் நெஞ்சுக்கு இன்னும் அருகில் இருப்பது. புதுச்சேரியில் ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் பதவிக்கு விண்ணப்பித்தார். யூடிசி என்று நாங்கள் சொல்லும் அதே நாற்காலி, நான் ஓய்வு பெற்ற நாற்காலி. தகப்பனார் வழியில் வள்ளுவன் சாதி. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தாயார் கிறிஸ்தவர். விண்ணப்பதாரர் பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அவரோ, நான் இந்து, கோவிலுக்குப் போகிறேன் என்கிறார். விசாரணை அறிக்கையோ, மாதா கோவிலுக்குப் போகிறவர் என்கிறது. 2024 நவம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர். மகாதேவன் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்றது. நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. கையில் இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் அவர்கள் எழுத முடியும். நான் கேட்பது, கைக்குழந்தை நெற்றியில் ஊற்றிய ஒரு கிண்ணம் தண்ணீர் இருபது முப்பது வருடம் கழித்து எழுத்தர் வேலையை அடித்துக்கொண்டு போகிறது என்றால், அந்தத் தண்ணீரை ஊற்றிய திருச்சபைக்கு இதில் பொறுப்பு உண்டா இல்லையா? ஞானஸ்நானப் பதிவேட்டில் அழகாகப் பெயர் எழுதிக்கொண்டதோடு சரியா?

கேரளத்தில் தேவிகுளம் தொகுதியில் வென்ற ராஜாவின் கதையும் அப்படித்தான். அவர் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து போய் மலையில் குடியேறியது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் கிறிஸ்தவர் என்று தேர்தலைச் செல்லாததாக்கியது. தேவாலயப் பதிவேடு, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது வரை கோர்ட்டில் அலசினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோட்டும் கவுனும் சாட்சி சொல்லும் நாடு இது.

இவ்வளவுக்கும் மூலம் ஒரே ஒரு பத்தி. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பெயரில் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தி. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. மெட்ராஸில் நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், பக்கத்திலிருந்த இந்துத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டது ஏன் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றுப்போனார். அதே தெரு, அதே ஊசி, அதே தோல். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னொன்றை அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பைல் நகர்கிற வேகத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது, நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவன்.

நிற்க. இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் நன்றாக அறிவேன்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு சாதிச் சலுகை எதற்கு என்பது முதல் சமாதானம். சீக்கியத்தில் உண்டா? புத்தர் சாதி வகுத்தாரா? வேதத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அவர்களைச் சேர்க்கவில்லை, ஊரில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள். பழங்குடிப் பட்டியலில் மத நிபந்தனையே கிடையாது. தமிழ்நாட்டில் நாடார் சமூகத்தவர் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர்தான். அவர் சிலுவையைத் தங்கத்தில் செய்து போட்டுக்கொண்டாலும் சான்றிதழில் ஓர் எழுத்து மாறாது. தலித்துக்கு மட்டும்தான் சிலுவைக்கு விலை.

அதுதான் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோரில் சேர்த்திருக்கிறார்களே என்பது இரண்டாவது. சேர்த்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் தனித்தொகுதியில் நிற்க முடியாது. சேரியில் அடி விழுந்தால் வன்கொடுமைச் சட்டம் துணைக்கு வராது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த புகாரில் இதைத்தான் சொன்னது: கிறிஸ்தவராகிவிட்டால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

மூன்றாவது சமாதானம்தான் மோசமானது, ஏனென்றால் அது நம்மவர் வாயிலிருந்து வருகிறது. உண்மையான விசுவாசியாக இருந்தால் சலுகையை உதறிவிட்டு வெளிப்படையாக வாழட்டுமே என்கிறார்கள். இதைச் சொன்ன ஒருவரையாவது நான் தலித்தாகப் பார்த்ததில்லை. தன் தட்டில் சோறு இருக்கிறவன் பக்கத்து இலைக்காரனை உபவாசம் இருக்கச் சொல்வது இது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். பதிவேட்டில் ஆறுமுகம் மாதிரி ஒரு பெயர். வீட்டில் ஆரோக்கியம் மாதிரி ஒரு பெயர். இரண்டையும் மாற்றித்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்பார். கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் முழந்தாள்படியிட்டிருப்பார். தற்செயலாகப் பார்த்துவிட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். அவருக்கு மூச்சு வாங்கும் வியாதி. பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். மூத்த மகன் அப்போது தேர்வு எழுதிவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தான். கோவில் மணி அடித்து, சாமியார் வந்து மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தால் ஊருக்கே தெரியும், விசாரணைக்கு வருகிறவருக்கும் தெரியும். அந்த அம்மாள் இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்தாராம். காலையில் பறை அடித்து ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் தோள் கொடுத்தேன். வேட்டி மடிப்பில், இடுப்புப் பக்கம், ஜெபமாலையைச் சொருகி வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. மகனுக்கு வேலை கிடைத்தது. அவர் ஆன்மாவுக்காக ஒரு பூசைகூடப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுக்க முடியவில்லை. "ஓர் ஆன்மாவுக்காக" என்று மொட்டையாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அவரைக் கோழை என்பீர்களா சாமி?

வெளி அடையாளம் என்பதில் நம் திருச்சபை எப்போதுமே ஆள் பார்த்துத்தான் நடந்திருக்கிறது. இந்த மதுரைச் சீமைக்கே 1606இல் தெ நோபிலி வந்தார். காவி கட்டினார், சந்தனம் பூசினார், பிராமணச் சீடர்கள் பூணூலையும் குடுமியையும் விடத் தேவையில்லை என்றார். சண்டை ரோமாபுரி வரை போய், 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். பூணூல் சமுதாய அடையாளமாம், மத அடையாளம் இல்லையாம். நல்லது. நானூறு வருடத்துக்கு முன்பே உயர்சாதிக்காரனுக்குக் கிறிஸ்தவ அடையாளத்தைக் காட்டாமல் இருக்க லைசென்ஸ் கொடுத்தாயிற்று. அதைப் பண்பாட்டுமயமாதல் என்று குருமடத்தில் பாராட்டிப் பாடம் நடத்துகிறார்கள். மகன் சான்றிதழுக்காக ஜெபமாலையை வேட்டிக்குள் மறைத்தால் மட்டும் அது விசுவாசக் குறைவு.

புதுச்சேரிக்கு வந்திருந்த தெ தூர்னோன் 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். மற்ற பலவற்றோடு, சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் சாமியார்கள் போய்த்தான் அவஸ்தை கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. போகாமல் இருந்தார்கள் என்பதால்தானே அப்படி ஓர் ஆணை! பின்னாளில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, அவர் இந்து, 1745 அக்டோபர் நாட்குறிப்பில் எங்கள் சம்பா கோவில் சமாச்சாரத்தை எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள் தலித்துகளையும் மற்றவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஆட்சேபித்ததன் பேரில் அது இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். பள்ளியில் பிரெஞ்சில் படித்த எனக்கு வோல்தேரையும் ரூசோவையும் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு தெரு தள்ளி இருந்த அந்தச் சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டின கோவிலின் தடுப்பை எடுத்ததற்கு உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போட்டார்கள். நமது திண்டுக்கல் மறைமாவட்டம் 2003இல் பிரிந்து வந்தது திருச்சியிலிருந்து. அந்தத் திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைச் சாதிவாரியாகப் பிரிக்கச் சுவர் எழுப்பியது ஊரறிந்த சங்கதி. புதுச்சேரி மறைமாவட்டத்தில் இருக்கும் எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள், கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள்தான். பார்த்தவுடனே கிறிஸ்தவர்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.

2016இல் இந்திய ஆயர் பேரவையே தலித் விடுதலைக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டு 10ஆம் தேதி ஒவ்வொரு வருடமும் கறுப்பு நாள் என்று சுற்றறிக்கை வருகிறது. கறுப்புக் கொடி பிடிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். மறுவாரமே மேடை ஏறி அடையாளத்தோடு வாழுங்கள் என்கிறோம். எந்த அடையாளத்தோடு? யாருக்கு?

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இரண்டையும் சொல்லியிருக்கிறார். உங்கள் நற்செயலின் வெளிச்சம் மனிதர் முன் தெரியட்டும் என்றும் சொன்னார், மனிதர் பார்க்க வேண்டும் என்று தர்மம் செய்யாதீர்கள், ஜெபம் செய்யாதீர்கள் என்றும் சொன்னார். நம்மவர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு, அதிலும் "நற்செயல்" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஸ்டிக்கர் என்று போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போலி பக்திமானைத் தார்த்துஃப் என்றே கூப்பிடுகிறார்கள். மோலியேர் 1664இல் போட்ட நாடகத்தின் பாத்திரம் அது. பக்தர்கள் கூச்சல் போட்டுத் தடை வாங்கினார்கள், மேடையில் முறையாக ஏற ஐந்து வருடம் ஆயிற்று. யாரைக் குத்தியதோ அவர்களுக்குத்தானே வலிக்கும்.

பிரான்சைச் சொன்னதால் இன்னொன்று. 2004இல் அங்கே அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனாலும் சட்டத்தின் எழுத்தில் பெரிய சிலுவைக்கும் முக்காட்டுக்கும் ஒரே விதி. அதே பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், 1881 செப்டம்பர் ஆணைப்படி, ஒரு தமிழன் அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். சாதி வழக்கத்தை உதறி, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்து, புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். தலித்துகளும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர் அப்படி மாறினார்கள். காலனி ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவன் ஓட்டுக் கணக்கு அவனுக்கு. ஆனால் மாறினவன் வீட்டுச் சுவரில் என்ன படம் தொங்குகிறது என்று எட்டிப் பார்க்க ஆள் அனுப்பவில்லை.

இங்கே திண்டுக்கல்லில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா ஆகஸ்டு மாதம் நடக்கும். நேர்ச்சையாக வருகிற ஆடும் கோழியும் மலைபோல் குவியும். விடிய விடிய சமைத்து, வந்தவர்க்கெல்லாம் சோறு. ஆடு கொண்டுவருகிறவர்களில் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. பந்தியில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. செபஸ்தியாருக்குச் சேவல் கொடுத்த இந்து மறுநாள் மாரியம்மனுக்கும் கொடுப்பார், அவர் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற தலித் கிறிஸ்தவருக்கு மட்டும்தான், யாராவது போன் கேமராவில் பிடித்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற நினைப்பு.

ஆகவே அடையாளத்தோடு வாழச் சொல்கிற சாமியார்களுக்கும் சகோதரர்களுக்கும் என் கோரிக்கை இதுதான். மூன்றாம் பத்தி ஒழிகிற வரை அந்தப் பிரசங்கத்தை நிறுத்தி வையுங்கள். முடியாது என்றால், தைரியம் வேண்டியதை உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் பங்கில் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல், தேர் எந்தத் தெருவரைக்கும் போகிறது, பங்குப் பேரவையில் காலனிக்காரர் எத்தனை பேர், உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை தலித் ஆசிரியர்கள் என்பதை எழுதிக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பலகைக்கு மேலே சிலுவை ஏற்கனவே இருக்கிறது.